ஷனாஷீலா, கண்ணாடிக் கோபுரமா: பாக்தாத்தில் இனி என்ன கட்டுவது?

2020 ஜூலை 28 அன்று பாக்தாத்தில் வெயில் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. பஸ்ராவில் அதற்கு நான்கு வருடம் முன்பே, 2016 ஜூலை 22-இல், 53.9 டிகிரி. ஈராக்கின் கட்டடங்களில் மரபு வேண்டுமா நவீனம் வேண்டுமா என்று பேச வருகிறவர்கள் வளைவு, குவிமாடம், நீல ஓடு என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு இந்த இரண்டு எண்களிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி என்று படுகிறது. அந்த வெயிலில் ஒரு கட்டடம் உள்ளே இருப்பவரை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதை விட்டுவிட்டு, அதன் முகம் ஈராக்கியமா இல்லையா என்று விவாதிப்பதில் பெரிய பயன் இல்லை.

எடுக்க வேண்டிய முடிவு இதுதான். பழைய பாக்தாத்திலோ மோசூலிலோ ஒரு கட்டடம் விழுந்துவிட்டது, அல்லது விழப்போகிறது. அந்த இடத்தில் என்ன வரவேண்டும்? பழையபடியே கட்டலாம். கான்கிரீட்டில் கட்டி முகத்தில் மட்டும் பழமையை ஒட்டலாம். பழைய வடிவங்களைக் கரைத்துப் புதிதாக வார்க்கலாம். மிஞ்சிய துண்டை அப்படியே நிற்கவிட்டு அதையொட்டிப் புதிது கட்டலாம். இல்லையென்றால் எதையும் யோசிக்காமல் எஃகும் கண்ணாடியுமாக எழுப்பலாம். இந்த எல்லா வழியையும் ஈராக் கடந்த எழுபது வருடத்தில் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட்டது. அதனால் ஊகிக்க வேண்டியதில்லை; நடந்ததைப் பார்த்தாலே போதும்.

முதலில் மரபு என்று எதைச் சொல்கிறோம் என்று பார்த்துவிடலாம். பழைய பாக்தாத் வீட்டுக்குத் தெருப்பக்கம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. கீழே மஞ்சள் செங்கல் சுவர், ஒரு கதவு, அவ்வளவுதான். மாடியில்தான் தெருவை எட்டிப் பார்க்கும் மரச்சாளரங்கள், ஷனாஷீல். மற்றபடி வீடு முழுக்க உள்ளே முற்றத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். முற்றத்தைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம், தார்மா. தரைக்குள் பாதி இறங்கிய நிலவறை, சர்தாப். மொட்டைமாடியில் வடமேற்கைப் பார்த்து வாய் திறந்த காற்றுக்குழல் ஒன்று, கனத்த சுவருக்குள்ளேயே இறங்கி சர்தாபில் முடியும், அதுதான் பாத்கீர். கோடையில் அடிக்கும் ஷமால் காற்று குழலுக்குள் புகுந்து, வெயில் படாத சுவரை உரசிக்கொண்டே இறங்கிச் சூடு தணிந்து, நிலவறை வழியாக முற்றத்துக்கு வெளியேறும். வீட்டில் இருப்பவர்களும் சூட்டுக்குத் தக்கபடி இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். உச்சி வெயிலில் சர்தாபில் ஒரு தூக்கம், சாயங்காலம் தண்ணீர் தெளித்த முற்றம், இரவு மொட்டைமாடியில் படுக்கை.

ஷனாஷீலும் வெறும் அழகுக்காக வந்ததில்லை. கோணல்மாணலான மனையில் கீழ்த்தளச் சுவர் தெருவின் போக்கிலேயே வளைந்து போகும். மாடியில் அந்தக் கோணலைச் சரிக்கட்ட அறையைத் தெருப்பக்கம் நீட்டுவார்கள். அப்போது அறை சதுரமாகிவிடும். நீட்டிய பகுதி கனமாக இருக்கக் கூடாது என்பதால் மரம். எதிரெதிர் வீடுகளின் நீட்டல்கள் சேர்ந்து தெருவுக்கு நிழல் தரும். மரப்பின்னல் வழியே காற்று வரும். உள்ளே இருக்கும் பெண்கள் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவர்களுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். ஒரே சாளரத்துக்கு இத்தனை வேலை. இன்னொன்று: பஸ்ராவின் ஷனாஷீல்களுக்கு இந்தியாவிலிருந்து கப்பலில் தேக்கு போயிருக்கிறது. கலப்பில்லாத உள்ளூர்ச் சரக்கு என்ற பேச்சுக்கு மரபிலேயே இடமில்லை.

சரி, இவ்வளவு நன்றாக வேலை செய்த வீட்டை அப்படியே திரும்பக் கட்டினால் என்ன? அந்த வீடு தனியாக வேலை செய்யவில்லை என்பதுதான் சிக்கல். சுற்றிலும் அதே உயரத்தில் இருபது முப்பது வீடுகள் ஒட்டி நின்றதால்தான் சுவர்களில் வெயில் படவில்லை, முற்றத்தில் அந்தரங்கம் இருந்தது. பக்கத்து மனையில் ஐந்து மாடி எழும்பிவிட்டால் முற்றத்தில் யார் உட்காருவார்கள், மொட்டைமாடியில் யார் படுப்பார்கள்? அரசு மின்சாரம் போதாததால் தெருவுக்குத் தெரு தனியார் டீசல் ஜெனரேட்டர் ஓடுகிறது. ஆம்பியர் கணக்கில் மாதாமாதம் பணம் கட்டி வாங்குகிறார்கள். அந்தத் தெருவில் பாத்கீர் வைத்தால் இறங்கி வருவது புகைதான். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடங்களில் சர்தாபுக்குள் தண்ணீர் ஊறும். கூட்டுக் குடும்பம் பிரிந்து, மனையும் துண்டு துண்டாகப் பிரிந்துவிட்டது. நூறு சதுர மீட்டரில், சில இடங்களில் அதிலும் பாதியில், வீடு கட்டுகிறார்கள். அதற்குள் நடு முற்றம் வைத்தால் மிஞ்சுவது படிக்கட்டு மட்டும்.

சட்டமும் பெரிதாக உதவவில்லை. 2002-இல் வந்த 55-ஆம் எண் தொல்பொருள் சட்டம் பாரம்பரியக் கட்டடங்களை இடிக்கக் கூடாது என்கிறது. இடிக்காதே என்று சொல்லிவிட்டு, பழுது பார்க்க வழி செய்யாவிட்டால் உரிமையாளர் என்ன செய்வார்? கூரை ஒழுகட்டும் என்று விட்டுவிடுவார். நாலு மழைக்காலத்தில் வீடு தானாகவே உட்கார்ந்துவிடும், மனை விலைக்குப் போகும். பாக்தாத்தின் ரஷீத் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் இந்தக் கதைதான் வீட்டுக்கு வீடு.

பழையபடியே கட்டுவது நியாயமாகப்பட்ட இடம் மோசூல். 2017 ஜூன் 21 அன்று ஐ.எஸ். அமைப்பு அல்-நூரி பள்ளிவாசலையும் அதன் சாய்ந்த கோபுரமான அல்-ஹத்பாவையும் வெடிவைத்துத் தகர்த்தது. 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோபுரம் அது, ஏறக்குறைய 45 மீட்டர் உயரம். 2018-இல் யுனெஸ்கோ மோசூல் மறுசீரமைப்பைத் தொடங்கியது. பள்ளிவாசல் வேலைக்கு ஐக்கிய அரபு அமீரகம் ஐந்து கோடி டாலருக்கு மேல் தந்தது. இடிபாட்டிலிருந்து பொறுக்கிச் சேர்த்த பழைய செங்கற்களையும் பயன்படுத்தி, கோபுரத்தைச் சாய்வோடேயே எழுப்பினார்கள். நேராகக் கட்டியிருந்தால் பொறியாளர்களுக்கு வேலை சுலபம். ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது வேறு யாருடைய கோபுரமோ ஆகியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் பழைய நகரத்தின் 124 வீடுகளையும் பழுதுபார்த்தார்கள். உள்ளூர் இளைஞர்கள் கல்வேலையும் சுண்ணாம்பு வேலையும் அங்கேயே கற்றுக்கொண்டார்கள். என் கணக்கில் கோபுரத்தைவிட இதுதான் பெரிய வரவு.

ஆனால் பள்ளிவாசல் வளாகத்துக்கு நடந்த சர்வதேசப் போட்டி வேறு மாதிரி போனது. வந்த 123 வடிவமைப்புகளில் ஓர் எகிப்தியக் குழுவினுடையது 2021 ஏப்ரலில் தேர்வானது. மந்தமான வெண்ணிறச் செங்கல், கூரான மூலைகள். இது வளைகுடா ஊர்களின் பாணி, மோசூலுடையது அல்ல என்று ஈராக்கியக் கட்டடக் கலைஞர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். மோசூல் கல்லும் சலவைக்கல் போன்ற வெள்ளை அலபாஸ்டரும் கொண்ட ஊர். பாக்தாத் செங்கல் ஊர். தெற்கே சதுப்புநிலத்தில் நாணலை வளைத்துக் கட்டிய முதீஃப் கூடங்கள். 'ஈராக்கிய அடையாளம்' என்று ஒரே வாளியில் கலக்க முடியாது. அதே சமயம், இடிந்த அந்தத் தொழுகைக்கூடமே 1940-களில் பிரித்துத் திரும்பக் கட்டியதுதான். எந்த வருடத்துப் பழமையைத் திரும்பக் கொண்டுவருவது? தோண்டியபோது தரைக்கடியில் 12-ஆம் நூற்றாண்டின் அறைகள் வேறு கிடைத்தன. கடைசியில் 2025 செப்டம்பரில் பள்ளிவாசல் திறக்கப்பட்டது.

'பழையபடியே' என்பது கைமீறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு பாபிலோன் இருக்கிறது. 1980-களில் சதாம் உசேன் பழங்கால பாபிலோன் மன்னர் நெபுகாத்நேச்சரின் அரண்மனையை, அதன் இடிபாடுகளின் மேலேயே, புதுச் செங்கல்லில் எழுப்பினார். செங்கற்களில் தன் பெயரையும் பொறித்தார். நெபுகாத்நேச்சரும் தன் பெயர் பொறித்த செங்கற்களைப் போட்டவர்தான், ஒருவகையில் மரபு தொடர்ந்திருக்கிறது! ஆனால் உண்மையான இடிபாடு புதுச்சுவருக்கு அடியில் போய்விட்டது. பாபிலோன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற 2019 வரை ஆனது. ஹத்பாவுக்கும் பாபிலோனுக்கும் வித்தியாசம் எளிது. ஒன்றை அதன் நிழலில் வளர்ந்தவர்களே கேட்டார்கள், கல்லும் அங்கேயே கிடந்தது, புகைப்படமும் இருந்தது. இன்னொன்றைக் கேட்டவர் ஒரே ஒருவர்.

முகத்தில் மட்டும் பழமையை ஒட்டும் வழி இருக்கிறதே, அதைப் பற்றி அதிகம் சொல்லத் தோன்றவில்லை. கான்கிரீட் பெட்டியின் முன்னால் ஒரு வளைவு, திறக்காத ஒரு மரப்பின்னல். கட்டுமானக்காரர்கள் மொழியில் சொன்னால் எல்லாம் எலிவேஷன் வேலை, அதாவது வெறும் முகப்பு அலங்காரம். கொஞ்சம் மதிப்புள்ள எடுத்துக்காட்டு என்றால் 1980-களின் ஹைஃபா தெரு. நல்ல கட்டடக் கலைஞர்களும் அதில் இருந்தார்கள். அடுக்குமாடிகளின் முன்னால் நீண்ட சாளரங்களும் செங்கல்லும் அழகாகவே அமைந்தன. ஆனால் அந்தத் தெருவுக்காக டைகிரிஸின் மேற்குக் கரையான கர்க் பகுதியின் நிஜமான பழைய சந்துகளை இடித்துத் தள்ளியிருந்தார்கள். ஷனாஷீல் இருந்த இடத்தைக் காலி செய்துவிட்டு ஷனாஷீல் மாதிரி கட்டினார்கள்.

இப்போது அந்த மாதிரியும் போய், அலுகோபாண்ட் என்று ஊரே சொல்லும் அலுமினியக் கூட்டுத்தகடு வந்துவிட்டது. நல்ல செங்கல் முகப்புகளையே அதைக்கொண்டு மூடுகிறார்கள். மலிவு, ஒரு வாரத்தில் வேலை முடியும், பளபளக்கும். 2023 செப்டம்பர் 26 இரவு நினிவே சமவெளியின் ஹம்தானியாவில் ஒரு கல்யாண மண்டபம் பற்றி எரிந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். எளிதில் தீப்பிடிக்கும் பேனல்கள் அங்கே இருந்ததைக் குடிமைப் பாதுகாப்புத் துறையே சொன்னது. மேலே என்ன ஒட்டுகிறோம் என்பது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை.

நவீனத்தைப் புறத்திலிருந்து வரவழைத்த காலமும் ஒன்று உண்டு. அதில்தான் இந்த ஒப்பீட்டின் சுவையான பகுதி இருக்கிறது. 1950-இல் ஈராக் வளர்ச்சி வாரியம் அமைந்தது; எண்ணெய் வருமானத்தில் 70 சதவீதம் அதற்குப் போனது. 50-களின் கடைசியில் லெ கோர்பூசியே, ஆல்வார் ஆல்டோ, வால்டர் குரோப்பியஸ், ஃபிராங்க் லாய்ட் ரைட், ஜியோ பொன்டி என்று உலகக் கட்டடக்கலையின் பெரிய பெயர்கள் எல்லாம் பாக்தாத் வேலையில் இருந்தன. இவர்களில் ரைட்டையும் குரோப்பியஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ரைட் 1957-இல் பாக்தாத் வந்தபோது வயது 89. ஒரு ஓபரா அரங்கம் கேட்டார்கள்; அவர் டைகிரிஸ் தீவு ஒன்றையே கேட்டு வாங்கி, ஹாரூன் அல்-ரஷீத் சிலை, ஏதேன் தோட்டம், அலாவுதீன் விளக்கு என்று வரைந்து கொடுத்தார். ஈராக்கின் மரபை இவ்வளவு மதித்த வெளிநாட்டவர் இல்லை என்று தோன்றும். ஆனால் அது கதைப் புத்தகத்து பாக்தாத். 1958 ஜூலை புரட்சியோடு திட்டம் கைவிடப்பட்டது. அந்த ஓபரா வடிவத்தின் சாயலில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பல்கலைக்கழக அரங்கம் 1964-இல் திறக்கப்பட்டது. அரிசோனாவுக்கும் அது பொருந்திவிட்டது என்றால் அதில் பாக்தாத் எவ்வளவு இருந்திருக்கும்?

குரோப்பியஸ் பாக்தாத் பல்கலைக்கழகத்தில் குவிமாடம் குறித்தெல்லாம் அலட்டிக்கொள்ளவே இல்லை. கட்டடங்களை நெருக்கமாக நிறுத்தி ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழச் செய்தார். இடையிடையே சிறு முற்றங்கள், தண்ணீர், வெயில் மறைப்புத் தட்டிகள். பார்த்தால் சுத்தமான நவீனக் கட்டடம். ஆனால் பழைய நகரத்தின் சந்து என்ன செய்ததோ அதையே செய்கிறது. வாசலில் நிற்கும் வளைவில்கூட இரண்டு கைகளும் உச்சியில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கிறது; பழசைக் காப்பியடிக்கவில்லை என்று அறிவிப்பதுபோல. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் குரோப்பியஸ் பக்கம் நிற்பேன். பழைய வீட்டின் உள்ளமைப்பைக் காட்டும் குறுக்குவெட்டு வரைபடமான செக்‌ஷனைப் படித்தவர் அவர். ரைட் அதன் கதைகளைப் படித்தார்.

ஈராக்கியக் கட்டடக் கலைஞர்களிலும் இரண்டு பேரை இதேபோல் ஒப்பிட வேண்டும். ரிஃபஅத் சாதிர்ஜி (1926–2020), முகமது மக்கியா (1914–2015).

சாதிர்ஜி லண்டனில் படித்துவிட்டு 1952-இல் திரும்பியவர். பழைய வடிவத்தை அப்படியே எடுப்பதும் தவறு, விட்டுவிடுவதும் தவறு, இன்றைய தொழில்நுட்பத்தில் போட்டு உருக்கி எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 60-களில் அவர் கட்டிய புகையிலை நிறுவனத் தலைமையகத்தைப் படத்தில் பார்த்தாலே புரியும்: வரிசையாக உருண்டு எழும் செங்கல் தூண்சுவர்கள், நடுவில் கீறல் போன்ற ஒடுங்கிய ஜன்னல்கள். கர்பலாவுக்குத் தள்ளி பாலைவனத்தில் நிற்கும் 8-ஆம் நூற்றாண்டு உகைதிர் கோட்டையின் சாயல் இருக்கும், ஆனால் எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இடிந்துகொண்டிருந்த பழைய தெருக்களை அவர் வருடக்கணக்கில் புகைப்படம் எடுத்துவைத்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கை எங்கே பழகியது என்று தெரியும்.

நாடு அவரை நடத்திய விதம் வேறு. 1978-இல் சிறையில் போட்டார்கள். இருபது மாதம் கழித்து, அணிசேரா நாடுகளின் மாநாட்டுக்கு பாக்தாத்தை அலங்கரிக்க ஆள் வேண்டும் என்று வெளியே எடுத்தார்கள். ஈரானுடனான போரினால் மாநாடு 1983-இல் டெல்லிக்கு மாறிவிட்டது. அவருடைய அறியப்படாத போர்வீரர் நினைவுச்சின்னம், ஒரே வீச்சில் வளைந்த எளிய வளைவு, 1982-இல் இடிக்கப்பட்டது. பிற்பாடு அது நின்ற ஃபிர்தவ்ஸ் சதுக்கத்தில் வந்த சதாம் சிலையைத்தான் 2003 ஏப்ரல் 9-இல் உலகமே தொலைக்காட்சியில் விழப் பார்த்தது. மோசூலில் அவர் கட்டிய தேசியக் காப்பீட்டு நிறுவனக் கட்டடம் ஐ.எஸ். அமைப்புடனான போரில் சேதமானது, பழுதுபார்க்காமல் இடித்துவிட்டார்கள். அல்-நூரிக்குக் கோடிகள் வந்துகொண்டிருந்த அதே ஊரில்! 60 வருடப் பழமைக்கு எந்த ஊரிலும் மதிப்பு கிடையாது போலிருக்கிறது.

மக்கியாவின் வழி அமைதியானது. பாக்தாத்தில் சூக் அல்-கஸ்ல் கோபுரம் என்று 13-ஆம் நூற்றாண்டுக் கோபுரம் ஒன்று, அதைச் சுற்றி இருந்த பள்ளிவாசல் போனபின் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தது. 1960-களின் தொடக்கத்தில் அதையொட்டி குலஃபா பள்ளிவாசலைக் கட்டும் வேலை அவருக்கு வந்தது. கோபுரத்தோடு போட்டி போடவும் இல்லை, அது மாதிரியே இன்னொன்று செய்யவும் இல்லை. எண்கோணத் தொழுகைக்கூடம், ஆழமான வளைவுகள், அதே செங்கல் நிறம். கோபுரத்துக்கு முன்னால் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் ஒரு கட்டடம். எது பழசு எது புதுசு என்று யாரும் ஏமாற மாட்டார்கள், இரண்டும் சண்டையும் போடவில்லை.

பொதுக்கட்டடம் கட்டப்போகும் ஓர் அமைச்சகத்துக்கு இரண்டில் எதைச் சொல்வேன்? கலையாகப் பார்த்தால் சாதிர்ஜிதான் ஒரு படி மேலே. ஆனால் அவருடைய வழிக்கு அவரைப் போல ஒருவர் வேண்டும். சுமாரான கையில் அது சீக்கிரமே எலிவேஷன் வேலையாக இறங்கிவிடும். பாக்தாத்தில் 70-களுக்குப் பிறகு வந்த எத்தனையோ செங்கல் வளைவுக் கட்டடங்கள் அப்படி இறங்கியவைதான். மக்கியாவின் வழிக்கு மேதை தேவையில்லை. மிஞ்சியதைத் தொடாதே, உயரத்தைக் குறை, அதே பொருளைப் பயன்படுத்து என்று நான்கு வரியில் டெண்டரில் எழுதிவிடலாம். அரசாங்கம் நடத்த வேண்டிய விஷயத்தில் இது சின்ன வசதி இல்லை.

கண்ணாடி வழிக்கு இன்று முகமாக இருப்பது டைகிரிஸ் கரையில் எழுந்த மத்திய வங்கிக் கோபுரம், ஏறக்குறைய 170 மீட்டர். வரைந்தவர் சாஹா ஹதீத். பாக்தாத்தில் பிறந்தவர், 2016-இல் மறைந்தவர். அவருடைய தந்தை முகமது ஹதீதும் சாதிர்ஜியின் தந்தை காமிலும் ஒரே கட்சியில் அரசியல் செய்தவர்கள். அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் இருவரும் எதிரெதிர் விடைகளுக்குப் போயிருக்கிறார்கள். வங்கிக் கோபுரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். போரில் தேய்ந்த ஒரு தலைநகரம் தன் மகளின் கையால் ஒரு கோபுரம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் தப்பில்லை, அதைக் குளிரவைக்கும் மின்சாரத்துக்கு வங்கியிடம் காசும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மேற்குப் பார்த்த நாலு மாடிக் கிளினிக்குகளும் கண்ணாடி மாட்டுவதுதான் வினை.

ஆக, ஹத்பா போல ஊரே கேட்கிற ஒன்று விழுந்தால் பழையபடியே கட்டட்டும், கல் கிடைக்கும் பட்சத்தில். நிற்கிற பழைய வீட்டுக்கு மறுபிரதி வேண்டாம், பழுதுபார்க்கப் பணம் வேண்டும். 55-ஆம் சட்டத்தின் கூடவே மானியம் வராவிட்டால் மற்ற பேச்செல்லாம் வீண். பொதுக்கட்டடத்துக்கு மக்கியாவும் குரோப்பியஸும் போதும்.

மிஞ்சியிருப்பது சாதாரணக் குடும்பம், நூறு சதுர மீட்டர் மனை, கையில் அளவான பணம். பாக்தாத்தில் எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம், கட்டடக் கலைஞர்கள் இவர்களைப் பற்றிப் பேசுவதுதான் குறைவு. பாக்தாத்துக்கு வெளியே பிஸ்மாயாவில் 2012 ஒப்பந்தப்படி தொழிற்சாலையில் முன்பே வார்த்த கான்கிரீட் பலகைகளால் ஆன ஒரு லட்சம் பிரீகாஸ்ட் குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. தலைக்கு மேல் கூரை வேண்டும் என்றால் அதைக் குறை சொல்லவும் முடியாது. சொந்த மனையில் கட்டுகிறவருக்கு மட்டும் சில விஷயங்கள் கையில் இருக்கின்றன. நடு முற்றத்துக்கு இடமில்லை என்றால் பின்பக்கம் ஒன்றரை மீட்டராவது வானம் தெரிய விடலாம். சூடான காற்று மேலே போக வழி கிடைக்கும். மேற்குச் சுவரில் மாடிப்படியும் குளியலறையும் வந்தால் படுக்கையறை தப்பிக்கும். சுவருக்கு தெர்மோஸ்டோன் என்று அங்கே விற்கும் இலேசான கான்கிரீட் கல், வெளியே செங்கல். மொட்டைமாடியில் இன்சுலேஷன், அதற்கு மேல் நிழலுக்கு ஒரு பந்தல். ஜெனரேட்டர் நின்ற நேரத்தில் ஏசியைவிட அந்தப் பந்தல்தான் பேசும். சர்தாப் ஆசை இருந்தால் முதலில் மனையில் ஒரு குழி தோண்டி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷனாஷீல் வைக்கலாமா என்றால், வைக்கலாம். சுவரை விட்டு வெளியே நீண்டு, பின்னால் திறக்கிற ஜன்னல் இருந்து, கீழே நடப்பவர் தலையில் நிழல் விழ வேண்டும். மூடிய கான்கிரீட் சுவரில் ஆணி அடித்து மாட்டத்தான் என்றால் அந்தக் காசை இன்சுலேஷனில் போட்டுக்கொள்வது மேல்.